சேவல் இறகு

அம்புக்கு மூன்று இறகு.
ஒன்று மட்டும் வேறு நிறம். சேவல் என்பார்கள்.
மற்ற இரண்டும் பெட்டை.
சேவல் வில்லுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும்,
பெட்டைகள் உரசாமல் ஒதுங்கிப் போக வேண்டும்.
பெயர் வைத்தவன் எந்த வீட்டில் வளர்ந்தானோ.

பகலில் ஓசூரில் பல்சக்கரம் அளக்கிறேன்,
மயிரிழையைப் பத்தாக வகிர்ந்த கணக்கு.
ஏழரை பஸ்ஸில், காலித் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நின்று
ராயக்கோட்டை வந்து
இறகு ஒட்ட உட்காருகிறேன்.
பன்னிரண்டு அம்பு.
ஒவ்வோர் இறகும் பத்து நிமிடம் கிளிப்பில் காய வேண்டும்.
ஆறு மணி நேரம், சோறு நீங்கலாக.

வான்கோழி இறகு லேசு.
இடச்சிறகா வலச்சிறகா என்று கேட்டே வாங்கணும்.
கலந்து ஒட்டினால், எந்தப் பக்கம் சுழல்வதென்று
அம்பு நடுவானில் யோசிக்கும்.
வில்லில் பட்டால் மடங்கிக் கொடுத்து
மறுகணம் நிமிரும்.
பதினெட்டு மீட்டருக்கு இதைவிட வேறில்லை.
ஒரு தூறல் போதும்,
நனைந்த குஞ்சாய்ப் படுத்துவிடும்.

பிளாஸ்டிக் நனையாது.
மன்னிக்கவும் மன்னிக்காது:
துளி உரசினாலும் எட்டாம் வளையத்தில் சொல்லிக் காட்டும்.
எழுபது மீட்டருக்குச் சுருண்ட மைலார்ச் சிறகு,
நகம் வெட்டிப் போட்டது மாதிரி;
கோட்டை மலையிலிருந்து இறங்கும் காற்றுக்குப்
பிடி கொடுக்காது.
அடிக்கடி கிழியும். அது என் சம்பளத்தில்.

நேற்று திம்மராயப்பா வந்தார்,
வேரோடு பிடுங்கின கடலைச்செடி ஒரு கோணிப்பை.
"கல்லக்கா அரை ஏக்கர் போச்சும்மா.
நீ குறி தப்பாதவளாமே.
ரெண்டே பன்னி. யாருக்கும் தெரியாது."

சட்டம் அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.
ஆனால் கை முதலில் யோசித்தது அம்பைத்தான்.
அகன்ற தலை முன்னால் காற்றைப் பிடிக்கும்,
பின்னால் அதை அடக்க நாலு அங்குல இறகு, நன்றாக முறுக்கி.
தூரம் இருபது அடிவைப்பு.
இறகு சர்ரென்று இரையும், பன்னிக்குக் காது கூர்மை.
பின்பனி வேறு. ஆக, பிளாஸ்டிக்.
எல்லாவற்றையும் வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"அப்போ செய்யத் தெரியும்."
"தெரியும்."

பிறகு எங்கள் இருவருக்கும் நடுவில்
பசை காய்கிற சத்தம்கூடக் கேட்டிருக்கும்.

அட்டை இலக்கு அம்பைத் திருப்பித் தரும், சித்தப்பா.
நடந்து போய் உருவிக்கொள்வேன்.
பன்னி எடுத்துக்கொண்டு ஓடும்,
என் சேவலோடு, என் இரண்டு பெட்டையோடு.
விடியும்வரை அதன் பின்னால் நான் போகணும்.
போகாவிட்டால் அது எந்தப் புதரில் படுத்திருக்கிறதென்று
ஏழரை பஸ்ஸில் யோசிக்கணும்.

"எனக்கு யாரு யோசிக்கிறாங்க" என்றார்.
அதற்கு என்னிடம் இறகில்லை.

காலையில் டேப் எடுத்துப் போய் நிலத்தை அளந்தேன்.
அரை ஏக்கர் இல்லை, முப்பத்தொரு சென்ட்.
வனத்துறை மனுவில் முப்பத்தொன்று என்றே எழுதினேன்.
அவருக்கு வருத்தம்.

வரப்போரம் நடுகல் ஒன்று, சுண்ணாம்பு பூசி.
வில் பிடித்த கை, விலாவில் இறங்கின அம்பு.
கிட்டப் போய்ப் பார்த்தேன்.
தைத்த அம்புக்கு இறகு உள்ளங்கை நீளம்.
கிட்டத்திலிருந்து எய்திருக்கிறார்கள்.
கல்லில் நிறம் இல்லை, சேவல் எதுவென்று தெரியவில்லை.

ஞாயிறு கிருஷ்ணகிரி மைதானத்தில் போட்டி.
மழை என்கிறார்கள், இல்லை என்கிறார்கள்.
ஆறு அம்புக்கு இறகு, ஆறுக்குப் பிளாஸ்டிக்.

பன்னிரண்டாவதில் கடைசி ஒட்டு,
கிளிப்பை மூடும்போது கரண்ட் போனது.
கையெடுத்தால் நகர்ந்துவிடும்.
இருட்டில் பிடித்தபடி எண்ணுகிறேன், நூறு, நூற்றிருபது.
கீழ்க்காட்டில் அவர் பட்டாசு வெடிக்கிறார்.
ஏதோ ஓடுகிறது, இரண்டா மூன்றா, ஓடைப் பக்கம்.
குதையின் பள்ளத்தை நகத்தால் தடவி
எது சேவல் என்று பார்க்கிறேன்.
மூன்றும் மூன்றுதான்.
எண்ணிக்கை விட்டுப்போயிற்று.
ஒன்றிலிருந்து.